பூண்டில் அசுவினியே கண்ணில் படவில்லை, ஆனாலும் மஞ்சள் கோடு பரவுவது ஏன்? எந்த மருந்து அடிப்பது?

கேள்வி இதுதான்: மலைப்பூண்டில் இலை நெடுக மஞ்சள் கோடு விழுகிறது, பூண்டு வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போகிறது. அசுவினி பரப்பும் வைரஸ் என்கிறார்கள், ஆனால் செடியைப் புரட்டிப் பார்த்தால் ஒரு பூச்சிகூட இல்லை.

இருக்காது. பூண்டில் தங்கிக் குட்டி போடும் அசுவினிகளைவிட, வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவைதான் இதை அதிகம் பரப்புகின்றன. பக்கத்து உருளைக்கிழங்கிலோ பீன்ஸிலோ வரப்புக் களையிலோ பெருகி, கூட்டம் நெருக்கியதும் இறக்கை முளைத்துக் கிளம்பும். பூண்டு தனக்கு ஆகுமா ஆகாதா என்பது அதற்குத் தின்று பார்த்தால்தான் தெரியும். இலையில் இறங்கி, ஊசி மாதிரியான வாயை மேல்தோலுக்குள் சில நொடிகள் குத்தித் துளி சாற்றை இழுத்துப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் உருவிக்கொண்டு அடுத்த செடிக்குத் தாவும். அந்தச் சில நொடிகளே போதும். வைரஸ் ஊசி முனையில் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த குத்தில் எச்சிலோடு உள்ளே போய்விடுகிறது. ஒட்டவைக்கும் பசையையும் வைரஸே தயார் செய்துகொள்கிறது. நோயுற்ற செடிக்குள் அது உண்டாக்கும் ஒரு புரதம் ஒரு பக்கம் வைரஸின் உறையையும் மறுபக்கம் அசுவினியின் ஊசியையும் பிடித்துக்கொள்ளும்.

பூண்டில் முக்கியமாக இப்படிப் பரவுபவை இரண்டு: வெங்காய மஞ்சள் குட்டை வைரஸ், லீக் மஞ்சள் வரி வைரஸ். வெளியே அடையாளமே காட்டாமல் ஒளிந்திருக்கும் வேறு சில வைரஸ்களும் அசுவினி வழியே வந்து இவற்றோடு சேர்ந்துகொள்ளும். பிரான்ஸில் நடந்த வயல் சோதனைகளில் குட்டை வைரஸ் பூண்டின் எடையை 39 முதல் 60 சதவீதம் வரையும், வரி வைரஸ் 17 முதல் 54 சதவீதம் வரையும் குறைத்தது.

இனி மருந்து. பூச்சிக்கொல்லி அசுவினியைக் கொல்லும், ஆனால் அது சாவதற்குள் குத்த வேண்டியதைக் குத்தி முடித்திருக்கும். சில மருந்துகள் பூச்சியைப் பதறவைத்து, செடிக்குச் செடி கூடுதலாகத் தாவவும் வைக்கும். இந்த நோய்க்காக வாரம் தவறாமல் மருந்தடிப்பது வீண் செலவு.

அதே சமயம், நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. இந்த வைரஸ் அசுவினியின் ரத்தத்துக்குள் போவதில்லை. நல்ல செடிகளில் நாலைந்து தடவை குத்தினாலே ஊசி துடைபட்டுவிடும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பரப்பும் சக்தி போய்விடும். ஆகவே நோய் பெரும்பாலும் வெகு தூரத்திலிருந்து வருவதில்லை. உங்கள் வயலுக்குள்ளேயே, நீங்கள் ஊன்றிய பல்லிலேயே இருக்கிறது. அசுவினி அதை எடுத்துப் பக்கத்துச் செடிக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பூண்டை விதை போட்டு வளர்ப்பதில்லை, பல்லைத்தான் ஊன்றுகிறோம். தாய்ச் செடிக்கு வந்த வைரஸ் அதன் பல்லுக்கெல்லாம் இறங்கும். விதைப்பூண்டுக்குப் புகை போட்டாலும், பூஞ்சாண மருந்தில் நனைத்தாலும் வைரஸ் சாகாது. இதைவிடக் கெடுதல், பெரிய பூண்டைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் சிறியதை விதைக்கு வைக்கும் பழக்கம். சிறுத்ததற்குப் பல சமயம் வைரஸே காரணம் என்பதால், நோயையே பொறுக்கி எடுத்து ஊன்றுவதாக ஆகிவிடும்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மாதிரி உள்ளூர் ரகம் என்றால், வெளியூர் விதை வாங்கி மாற்றிக்கொள்ளவும் முடியாது, ரகமே போய்விடும். சொந்த வயலில்தான் பொறுக்க வேண்டும். செடி 4 முதல் 6 இலை விட்டு, பூண்டு திரளத் தொடங்குவதற்கு முன் பாத்தி பாத்தியாக நடந்து பாருங்கள். மேகமூட்டமான நேரம் நல்லது. குருத்தை ஒட்டிய இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அடியிலிருந்து நரம்போடு நரம்பாக ஓடும் வெளிர் மஞ்சள் கோடுகள் தெரியும். இலை முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் அது சத்துக்குறை. வெள்ளிப் பொட்டுகளும் கரும்புள்ளி எச்சமும் இருந்தால் இலைப்பேன். கோடு விழுந்த செடியை அப்போதே பிடுங்கி வெளியே போடுங்கள். நன்றாக ஓங்கி வளர்ந்த, கோடில்லாத செடிகளுக்குக் கலர் நூல் கட்டி, அறுவடையில் அவற்றைத் தனியே எடுத்து விதைக்கு வையுங்கள். ஒளிந்திருக்கும் வைரஸ் இப்படிக் கண்ணுக்குச் சிக்காது என்பதால் விதை முழுச் சுத்தமாகிவிடாது. ஆனால் சிறுத்ததை ஊன்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முழுச் சுத்தம் வேண்டுமென்றால் திசு வளர்ப்புதான் வழி. பல்லுக்குள் இருக்கும் வளர்நுனியை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்டி வளர்ப்பார்கள். அந்த நுனிக்கு வைரஸ் எளிதில் எட்டுவதில்லை. ஆனால் ஒரு பூண்டில் 10 பல் என்றால் பருவத்துக்கு 10 மடங்குதான் பெருகும். முதல் சில தலைமுறைகளை வலைக்கூடாரத்துக்குள் வளர்க்காவிட்டால், நோய் பிடித்த பூண்டின் பக்கத்தில் ஒரே பருவத்தில் மறுபடி வந்து தொற்றிக்கொள்ளும்.

விதைக்கென்று தனிப் பாத்தி ஒதுக்கி, வெங்காயத்துக்கும் பழைய பூண்டு வயலுக்கும் எட்டத்தில் போடுங்கள். பூண்டு ஊன்றுவதற்கு 3, 4 வாரம் முன்பே சுற்றிலும் 3 வரிசை மக்காச்சோளம் விதைத்துவிடுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கிக் குத்தினால் ஊசி அங்கேயே துடைபடும். சிறிய பாத்தி என்றால் வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட்டும் போடலாம், அந்தப் பளபளப்பு அசுவினியை இறங்கவிடாது.

பயிருக்கென்று விற்கும் மினரல் ஆயில் 1 சதவீதக் கரைசல், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி, ஊசியில் வைரஸ் ஒட்டுவதைத் தடுக்கும். பூண்டு இலை மெழுகு பூசினதுபோல் இருக்கும் என்பதால் ஒட்டுத் திரவம் சேர்க்காவிட்டால் வழிந்துவிடும். புதுக் குருத்தில் எண்ணெய் இருக்காது, ஆகவே வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தாலும் கந்தக மருந்து அடித்த கையோடு அடித்தாலும் இலை கருகும்.

அறுவடையில் தவறி மண்ணில் தங்கிய பல் அடுத்த பருவத்தில் தானாக முளைக்கும். அதை விட்டுவைத்தால் புதுப் பயிருக்கு முதல் நோய்ச்செடி அதுதான், உழவுக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.