நர்சரியில் சில்ட்ரன் இன் நீட் நாளன்று சின்னப் பிள்ளைகளை வைத்து என்னென்ன செய்யலாம்?

லண்டன் நர்சரி ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், நவம்பரில் வரும் சில்ட்ரன் இன் நீட் நாளை (உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்காக பிபிசி பணம் திரட்டும் நாள்) நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு 2 முதல் 4 வயது. நானும் இங்கே நர்சரியில்தான் வேலை பார்க்கிறேன். எங்களிடம் நன்றாக நடந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில், பிள்ளைகளிடம் இந்த நாளைப் பற்றி என்ன சொல்வது என்று பணியாளர்கள் எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அன்று திரட்டும் பணம் பிரிட்டனுக்குள்ளேயே, உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்குப் போகிறது. உங்கள் அறையில் விளையாடும் பிள்ளைகளில் ஒருவருடைய குடும்பமே அப்படிப்பட்ட அமைப்பின் உதவியில் இருக்கலாம். அதனால் "பாவம், ஏழைப் பிள்ளைகள்" என்ற பேச்சு அந்த அறைக்குள் வரவே கூடாது. "எல்லோருக்கும் சில நேரம் உதவி வேண்டும், நாமும் உதவுவோம்" என்று சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

அடுத்தது இந்த நாளின் சின்னமான பட்ஸி கரடி. மஞ்சள் நிறம், ஒரு கண்ணை மறைத்துப் புள்ளி போட்ட துணிக்கட்டு. படத்தைக் காட்டியதுமே "கண்ணுக்கு என்ன ஆச்சு? வலிக்குதா?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். அன்றைய வேலை முழுவதையும் இந்தக் கேள்வியை வைத்தே நடத்திவிடலாம். ஒரு மூலையில் பொம்மை ஆஸ்பத்திரி போடுங்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு கரடியோ பொம்மையோ கொண்டுவரட்டும். கொண்டுவராத பிள்ளைக்குக் கொடுக்க நர்சரியிலேயே நாலைந்து எடுத்து வையுங்கள். கிரேப் பேண்டேஜைச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்து, கூடவே ஒருவர் உட்கார வேண்டும். நீளமாக விட்டால் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். எங்கள் நர்சரியில் ஒரு சின்னப்பெண் தன் கரடியின் முகம் முழுவதையும் சுற்றி முடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, மூக்கு இருக்கும் இடத்தில் மட்டும் துணியை இழுத்து விலக்கினாள். கேட்டதற்கு, "மூச்சு விடணும்ல" என்றாள். அடுத்தவர் நிலையை நினைத்துப் பார்க்கும் பழக்கம் இந்த வயதில் இப்படித்தான் வருகிறது. உண்டியலில் காசு போடவைத்து அதைக் கொண்டுவர முடியாது.

பட்ஸியின் துணிக்கட்டைப் போலப் புள்ளி போட்ட உடையில் அன்று பிள்ளைகள் வருவது வழக்கம். அதற்குக் கடையில் விற்கும் டி-ஷர்ட்டை வாங்கச் சொல்லாதீர்கள். மாதக் கடைசியைச் சமாளிக்கவே திணறும் வீடுகள் உண்டு. முந்தின வாரமே பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, துணிக்கான சாயத்தில் தோய்த்துப் பிள்ளைகளையே அச்சுக் குத்தவிடுங்கள். மறந்துபோய்ச் சாதாரண உடையில் வரும் பிள்ளைக்கு ஒட்ட, வட்ட ஸ்டிக்கர்களை வாசலிலேயே வைத்திருங்கள். அறைக்குள் வரும்போது எல்லார் உடம்பிலும் புள்ளி இருக்க வேண்டும்.

நாணயங்களைத் தரையில் அடுக்கிக் கரடி உருவம் செய்வது பல இடங்களில் நடக்கிறது. இரண்டு வயதுக்காரர்கள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள். அவர்களுக்குப் பெரிய காகித வட்டங்கள் போதும். நான்கு வயதினர் ஒரு பென்ஸ், இரண்டு பென்ஸ் காசுகளைப் பிரித்து அடுக்கலாம், எண்ணலாம். முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

பூங்கா பக்கத்தில் இருந்தால் ஒரு சின்ன நடை போங்கள். பர்னார்டோஸ் என்ற பிரிட்டன் குழந்தைகள் நல அமைப்பு ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே நடத்திய நடையின் தூரம் அரை மைல்தான். உங்கள் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதில் பாதி போதும். அந்த வயதில் ஐந்து பேருக்கு ஒரு பணியாளர் என்பது இங்கிலாந்தில் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. வெளியே போகும்போது கூடுதலாக ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் இரண்டு வரி வரலாறும் எழுதுங்கள். வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பலருக்கு இது என்ன நாள் என்றே தெரியாது. 1927 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி வானொலியில் ஐந்து நிமிட வேண்டுகோளாகத் தொடங்கியது. 1980-ல் பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சியானது. கரடி வந்தது 1985-ல். பட்ஸி என்பது அதை வடிவமைத்த ஜோவானா லேனின் ஊர்ப்பெயர். இதைப் படித்துவிட்டு விருப்பத்தோடு கொடுப்பவர்கள் உண்டு.

பணத்துக்கு மூடிய டப்பா ஒன்றை வாசலில் வையுங்கள், அல்லது இணைய இணைப்பை அனுப்புங்கள். பெயர் எழுதிய கவர் வேண்டாம், பிள்ளை கையில் காசு கொடுத்தனுப்பச் சொல்லவும் வேண்டாம். கேக் விற்பதானால் என்னென்ன சேர்த்தது என்று எழுதி ஒட்டி, பெற்றோர் அழைத்துப்போக வரும் நேரத்தில் விற்றால் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாயோ தந்தையோ பார்த்து வாங்குவார்கள். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதை அடுத்த திங்கட்கிழமை கதவில் ஒட்டுங்கள், மொத்தத் தொகையை மட்டும்.