பழைய டீசல் பிக்கப்பின் வயரிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பேட்டரி புதியது. ஆனாலும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலியோடு செல்ஃப் நின்றுவிடுகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: எர்த் பாதையை, அதாவது மின்சாரம் இஞ்சின், சேசிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியை, சோதிக்காமல் மாற்றாதீர்கள். முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஆனால் டீசல் இஞ்சினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது கேபிள்கள் தாங்குமா என்பது அதில் தெரியாது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால், இஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் அமர்ந்திருப்பதால், அந்தப் பட்டை துருப்பிடித்து அறுந்தால் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் பாய்ந்து அதைச் சூடாக்கிவிடும். கேபிள் கருகியிருந்ததைக் கண்டு கேபிளை மட்டும் மாற்றிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்; மனம் வருந்தியது. எர்த் சரியாக இருந்தால், செல்ஃபின் சலனாய்டுக்கு (பெரிய மின்னோட்டத்தைச் செல்ஃபுக்கு விடும் மின்காந்த சுவிட்ச்) சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரில் போதிய வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

பதில்: சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் அளவு விழுகிறதோ, கோளாறு அந்தச் சுற்றில் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் குறையாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடைச் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமலேயே பேட்டரிக்குப் போகிறது.

கேள்வி: பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது.

பதில்: பின்விளக்கின் எர்த் போய்விட்டது. மின்சாரம் அடுத்த பல்பின் வழியாகத் திரும்புகிறது. எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, துருவைத் தேய்த்து முறுக்குங்கள்.

கேள்வி: ஒரு ஃபியூஸ் அடிக்கடி எரிவதால் மெக்கானிக் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டார். ஓட்டலாமா?

பதில்: ஓட்டவே கூடாது. ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் இனி வயர் எரியும். கம்பியை எடுத்துவிட்டு, அந்த ஃபியூஸில் ஓடும் விளக்குகளையும் கருவிகளையும் அணைத்துவிட்டு, ஃபியூஸின் இரு முனைகளுக்கிடையே 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். பிறகு வயர்க் கட்டை முன்னிருந்து பின்வரை அசைத்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் பல்பு சிமிட்டுகிறதோ அங்கே வயர் உரசியிருக்கும். ரப்பர் வளையம் காணாமற்போன சேசிஸ் துளைகளில் முதலில் தேடுங்கள்.