எல்லாத்தையும் சொல்லி அழ வைத்தால் தேறுவாளா?

கேள்வி: ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் குழுத் தலைவியாக இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள். எங்கள் குழுவில் உள்ள ஒரு பிள்ளையை அவள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பார். மூன்று மாதத்துக்கு முன் மண்டையில் அடித்துத் தையல் போடும் அளவுக்குப் போய்விட்டது. அவர் இப்போது கேரளாவில் வேலையில் இருக்கிறார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவார். இவள் ராத்திரி தூங்குவதில்லை. வளவுக்குள் பைக் சத்தம் கேட்டாலே உள்ளே ஓடுகிறாள். ஆயிரம் பீடி சுற்றியவள் ஐந்நூறுக்கே திணறுகிறாள். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. பாளையங்கோட்டைக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனால் பைத்தியம் என்று ஊர் பேசும் என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்? எல்லாத்தையும் சொல்லி அழ வைத்தால் தேறுவாளா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஒரே உட்காரலில் நடந்ததையெல்லாம் கிளறிச் சொல்ல வைப்பது பயன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவளாகச் சொன்னால் கேளுங்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும். ‘ஏன் இத்தனை நாள் பொறுத்தே’ என்ற கேள்வி மட்டும் வாயில் வரவே கூடாது.

நீங்கள் பட்டம் வாங்காதவர் என்பது தடையில்லை. காங்கோ நாட்டின் கிழக்கில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. 16 கிராமங்கள், 405 பெண்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். பங்கேற்ற பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுற்றிலும் சண்டை ஓயவில்லை. அப்படியும் குழுவாக உட்கார்ந்து சிகிச்சை பெற்றவர்களில், ஆறு மாதம் கழித்து, மனச்சோர்வோ பதற்றமோ இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 9 சதவீதம்தான். தனித்தனியாக ஆறுதலும் ஆதரவும் மட்டும் பெற்ற கிராமங்களில் அது 42 சதவீதம்.

உங்கள் கேள்விக்கு நேராக உள்ள விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. அங்கே யாரையும் சம்பவத்தை விவரமாகச் சொல்லும்படி கேட்கவில்லை. ‘என் தப்புதான்’, ‘இனி நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று சம்பவத்துக்கு அப்புறம் மனசில் குடியேறிய எண்ணங்களை எடுத்து, அது நிஜந்தானா என்று சேர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பணியாளர்களுக்குப் பின்னால் முறையான பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் இருந்தன. அதனால் நீங்கள் சிகிச்சை கொடுக்கக் கிளம்ப வேண்டாம். துணை நிற்கலாம், அதற்கு நிறையவே இடம் இருக்கிறது.

இன்னொன்று. வீட்டுக்காரர் திரும்பி வரப்போகிறார் என்றால் அவளுடைய பயத்தில் பாதி நோயே இல்லை, நியாயமான எச்சரிக்கை. ‘பயப்படாதே’ என்று அதைத் தட்டிவிடக் கூடாது. கொடைக்கு முன்பே அவளோடு உட்கார்ந்து பேசி வையுங்கள்: அவர் குடித்து வந்தால் எந்த வீட்டுக்கு ஓடுவாள், பிள்ளைகளை யார் எடுப்பார்கள், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல் யாரிடம் இருக்கும். கழுத்தை எப்போதாவது நெரித்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். நெரித்திருந்தால் உயிருக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல் என்பது ஆய்வுகளில் உறுதியானது. அப்படியானால் கொடை வரை காத்திருக்காதீர்கள்.

பேச இடம் முக்கியம். நாலு பேர் தட்டோடு உட்கார்ந்து பீடி சுற்றும் திண்ணை இதற்கு ஆகாது. பீடிக் கடைக்குச் சரக்குக் கொடுக்கப் போகும் நடை நல்ல நேரம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உதவி எண்ணுக்கு உங்கள் போனிலிருந்து கூப்பிடுங்கள், அவள் போனில் யார் எண் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் வீட்டில் இருக்கலாம். பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம். அடி நடக்கும் நேரம் என்றால் 112. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2019-க்குப் பிறகு ஆலங்குளம் தென்காசி மாவட்டம் என்பதால் அங்குள்ள சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். திருநெல்வேலிக்குப் போய் அலைய வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு அவசியம் போக வேண்டும், அதுவும் முதலில் தலைக்காக. மண்டையில் அடிபட்டவர்களுக்குத் தூக்கக் கேடு, மறதி, எரிச்சல், தலைவலி எல்லாம் அந்தக் காயத்தாலேயே வரலாம். ‘தலைக்காயம் காட்டப் போகிறோம்’ என்றால் மாமியாரும் மறுக்க மாட்டார். தென்காசி அரசு மருத்துவமனைக்கோ ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போனால், அங்கேயே மனநலப் பிரிவையும் பார்த்துவிட்டு வரலாம். அரசு மனநலச் சேவையைப் பெறுவது எல்லோருக்கும் உள்ள உரிமை என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பழகிவிடும், பயத்தை அது ஆற்றாது. கயிறு கையில் இருக்கட்டும், அதோடு சண்டை எதற்கு?

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மற்றபடி அன்றாடம் நீங்கள் செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலைதான். கென்யா நாட்டின் நைரோபியில் வன்முறையைச் சந்தித்த பெண்களிடம், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஐந்தே சந்திப்புகளில் நான்கு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தார்கள்: மூச்சை நிதானமாக விட்டு உடம்பைத் தணிப்பது, தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையைப் பிரித்து எடுப்பது, விட்டுப்போன வேலையைக் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குவது, நம்பகமான ஆளோடு உறவைப் புதுப்பிப்பது. 2017-ல் வந்த முடிவில் ஓரளவு பலன் தெரிந்தது. அதிசயம் எதுவும் இல்லை. மூச்சுப் பயிற்சியை இன்றே காட்டலாம். ஐந்நூறு பீடி சுற்றினால் ஐந்நூறு போதும் என்று விடுங்கள். குழு தவணையைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிற மருந்து. ஆனால் காரணத்தைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம்.

அவர் ஊருக்கு வந்ததும் நாலு பெரியவர்களை வைத்து இருவரையும் உட்கார வைத்துப் ‘பேசித் தீர்க்கலாம்’ என்று யாராவது கிளம்புவார்கள். அடிக்கிறவர் எதிரில் அவள் வாய் திறந்து சொல்வது ராத்திரி அவளுக்குத்தான் திரும்பும். அப்படி ஒரு பேச்சு வந்தால், முதலில் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று நீங்கள் தள்ளிப்போடுங்கள்.