மலைச்சரிவும் மீன் பிடிக்கும் பையன்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2025 ஆகஸ்ட் 24 காலை மலேசியாவின் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் நடுங்கியபோது எங்கள் தோட்டத்து லயத்தில் தகரக்கூரை சடசடத்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு லேடாங் மலையைப் பார்த்தாலே பயம். நடுக்கத்தில் ஒரு மலை அப்படியே சரியுமா? பூசாரி தெய்வக் குற்றம் என்கிறார். பையன்கள் "மலை சரிந்து ஆறு வற்றினால் மீனாவது அள்ளலாம்" என்று சிரிக்கிறார்கள்.

ம., சிகாமட்

அன்புள்ள ம.,

பூசாரியை விடுங்கள். அம்மாவுக்கு முதலில் ஆறுதல் சொல்லுங்கள். 4 அளவு நடுக்கத்தில் உதிர்வது விழக் காத்திருந்த கல்லும் மண்ணும்தான். மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து நொறுங்கி ஓட, பொதுவாக 6 அளவாவது வேண்டும். 2015 ஜூன் 5 அன்று சபா மாநிலத்தில் வந்த ரானாவ் நடுக்கம் அந்த அளவுதான். அங்குள்ள கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். பாறையின் அமைப்பும் ஒத்துவர வேண்டும். தைவானின் சாவோலிங்கில் பாறை அடுக்குகள் பள்ளத்தாக்கை நோக்கியே சாய்ந்திருக்கின்றன. 1941, 1999 நடுக்கங்களில் அடுக்கோடு வழுக்கி இறங்கின. லேடாங் கருங்கல் மலை, அப்படி அடுக்கு கிடையாது. அங்கே மழையில் ஊறிய மேல்மண்ணுக்குத்தான் அஞ்ச வேண்டும்.

ஆனால் அந்த மீன் பேச்சு இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சிரிக்கிற விஷயமா அது? நடுக்கத்துக்குப் பின் ஆறு திடீரென இறங்கினால், மேலே சரிவு ஆற்றை அடைத்துவிட்டது என்று பொருள். தண்ணீர் போய்விடவில்லை, தேங்குகிறது. 1950 அசாம் நடுக்கத்தில் சுபன்சிரி ஆறு இப்படி அடைபட்டது. எட்டாம் நாள் உடைந்து, 7 மீட்டர் உயர அலையாக வந்து 532 பேரைக் கொன்றது.

சரிந்த மண்ணும் பாறையும் ஆற்றை மறித்து உண்டாகும் இந்த அணைகள் பார்வைக்கு உறுதியாகத் தெரிவதுதான் வினை. மேலே வீடு வீடாய்ப் பாறைகள் கிடக்கும். அடியில் எல்லாம் அரைபட்ட மாவும் சல்லியும். நீர் விளிம்பைத் தாண்டி வழிந்ததும் கீழ்ச்சரிவை அரிக்கத் தொடங்கும். அரிப்பு பின்னோக்கி ஏறி விளிம்பைத் தொட்டால் உடைப்பின் வாய் ஆழமாகும், நீர் கூடும், கூடிய நீர் இன்னும் வெட்டும். சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பெரும்பாலான அணைகள் ஓராண்டுக்குள் உடைகின்றன, பல ஒரே வாரத்தில். 2008-இல் சீனாவின் தாங்ஜியாஷானில் ஏரி நிரம்புமுன் ராணுவத்தினர் வடிகால் வெட்டினார்கள், கீழே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்திவிட்டு. தஜிகிஸ்தானில் 1911-இல் விழுந்த ஊசோய் சரிவு 500 மீட்டருக்கு மேல் உயரம், இன்னும் நிற்கிறது. ஏரிக்கு வருகிற நீர் அணையின் உடல் வழியே கசிந்து வெளியேறிவிடுவதால் விளிம்பைத் தொடுவதில்லை. அது விதிவிலக்கு. அதைக் காட்டி யாரும் தைரியம் சொல்ல வேண்டாம்.

சிகாமட் ஆற்றுக்கு இது நேராது என்றே வைத்துக்கொள்வோம். இதே பையன்கள் நாளைக்குக் கினபாலு அடிவாரத்துக் குண்டசாங் பக்கம் மலையேறப் போவார்கள் இல்லையா? நடுக்கத்துக்குப் பின் ஆறு காரணமில்லாமல் இறங்கினால் கரையை விட்டு மேட்டுக்கு ஏற வேண்டும், அவசர எண் 999-ஐ அழைக்க வேண்டும். தண்ணீர் திரும்பி வந்துவிட்டதே என்று உடனே இறங்கவும் கூடாது. மேலே அணை முழுக்க வெட்டுண்டதா, பாதி நிற்கிறதா என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது.