கோடை மாநாட்டுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துதல்: கேள்வி பதில்

மே மாதத்தில் நடைபெறவிருக்கும் ஐந்து நாள் நம்பிக்கை, தலைமைத்துவ மாநாட்டுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து 14 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் ரயிலேறவிருக்கிறார்கள். 19 கோடைகளாக இத்தகைய பயணங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பியவன் என்பதால், பெற்றோரும் வழிகாட்டிகளும் எழுப்பிய கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. அனுபவத்தால் எனக்குத் தெரிந்தவற்றுக்கு விரிவாகவும், விடை தெரிந்தவர் வேறொருவர் என்றால் அவரைச் சுட்டிக்காட்டியும் பதில் எழுதியிருக்கிறேன்.

முளகுமூடு, மறைக்கல்வி ஆசிரியை: ஆயத்தத்தை எப்போது தொடங்குவது? என்ன கற்பிப்பது?

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் கழிந்த முதல் சனிக்கிழமையில் தொடங்கிவிடுங்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மார்ச் மாதம் பொதுத்தேர்வு என்பதால் அவர்கள் பிற்பாடுதான் சேர்ந்துகொள்வார்கள்; அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்கப் போன வழிகாட்டி ஒருவர் வெறுங்கையோடு திரும்பிவந்ததை நானறிவேன். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தையும் முதல் வாரமே கொடுத்துவிட வேண்டும். ஆழ்கடலுக்குப் போன தந்தை கரைக்குத் திரும்ப வாரக்கணக்காகும் வீடுகள் நம்மிடையே உண்டு. கடைசி நேரத்தில் அவர் கையெழுத்துக்கு எங்கே போவது?

கற்பிப்பதற்கு நான் வைத்திருப்பவை மூன்றுதான். முதலாவது, மாற்கு நற்செய்தியை முழுமையாக, உரக்க வாசிப்பது. 16 அதிகாரங்கள்தான், இரண்டு அமர்வுகளில் முடிந்துவிடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு கடினம் என்பதை அப்போதுதான் காண்பீர்கள். வகுப்பில் முதல் மாணவனாக இருக்கும் பையன் ‘பரிசேயர்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டி, விரலை வரியின் மேல் வைத்து நகர்த்தும்போது அவன் காது மடல்கள் சிவந்துவிடுகின்றன. அந்தக் கூச்சம் நம் பங்கிலேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவிலேயே தீர்ந்துபோக வேண்டும். இரண்டாவது, அச்சடித்த செபத்தை விட்டுவிட்டுச் சொந்தச் சொற்களில் நான்கு வரி செபிப்பது. மூன்றாவது, 15 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பது. மாநாட்டில் நற்கருணை ஆராதனை ஒரு மணி நேரம் நீளும். முன்பழக்கம் இல்லாத பிள்ளை பத்தாவது நிமிடத்தில் பக்கத்திலிருப்பவனின் காலணிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிடும்.

கருங்கல், ஒரு தாய்: என்னென்ன பொருள்களைக் கொடுத்துவிட வேண்டும்?

பிள்ளை தானே தூக்கி நடக்கக்கூடிய ஒரே பை, துவைத்துக் காயப்போடக்கூடிய துணிகள், ஒரு போர்வை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், விவிலியம், பழைய செருப்பு. புதுச் செருப்பு வேண்டாம். மாநாட்டுக்கென்றே வாங்கிய செருப்பு கடித்த காலோடு இரண்டாம் நாளிலிருந்து நொண்டும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாவது எனக்கு வாய்க்கிறது.

தூத்தூர், இளைஞர் இயக்கப் பொறுப்பாளர்: அறிமுக விளையாட்டுகள் சிலவற்றைச் சொல்லித்தர முடியுமா?

விளையாட்டுகளைப் பற்றி உங்களுக்கே என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். தவிர்க்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒக்கிப் புயல் வீசிய 2017ஆம் ஆண்டுக்கு அடுத்த கோடையில், வெளியூர் ஒன்றில் நடந்த முகாமில், ‘உன் அப்பா செய்யும் வேலையை நடித்துக் காட்டு’ என்று பயிற்றுநர் ஒருவர் விளையாட்டு வைத்தார். நம் பையன் ஒருவன் எழுந்து, வலையை இழுப்பதுபோல இரண்டு முறை கையை அசைத்து, மூன்றாவது முறை கை பாதியில் நிற்க அப்படியே உட்கார்ந்துவிட்டான். பயிற்றுநருக்குத் தெரியாது, தெரிந்திருந்த நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து, தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகள் யார் யார் என்பதை மாநாட்டுப் பொறுப்பாளரிடம் முதல் நாளுக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

குலசேகரம், ஒரு தந்தை: கைப்பேசி கொண்டுபோகலாமா?

குழுவுக்கு ஒன்று, அதுவும் வழிகாட்டியின் கையில். வீட்டுக்குப் பேச இரவு உணவுக்குப் பின் நேரம் ஒதுக்கப்படும்.

தக்கலை, ஒரு தந்தை: என் மகன் ஒப்புரவு அருளடையாளத்துக்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாநாட்டில் எப்படியும் ஏற்பாடு இருக்குமல்லவா, அங்கேயே பார்த்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். அங்கே வரிசை நீளம். பின்னால் நிற்பவனின் மூச்சு கழுத்தில் படும். இரண்டு ஆண்டுகளாக வாய் திறக்காத பையன், ‘பொய் சொன்னேன், கோபப்பட்டேன்’ என்ற இரண்டு வாக்கியங்களோடு எழுந்துவந்துவிடுவான். புறப்படுவதற்கு முன்பு இங்கேயே ஒருமுறை செல்லட்டும். பங்குத்தந்தைக்குத் தன் குரல் தெரிந்துவிடும் என்று தயங்கினால் பக்கத்துப் பங்குக்குச் செல்லட்டும். அதில் தவறேதும் இல்லை. ஒப்புரவில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட அருட்பணியாளருக்கு உரிமையில்லை என்பதையும், நேரடியாக வெளியிடுபவர் திருச்சபையின் உறவிலிருந்து தாமே விலக்குண்டவர் ஆகிறார் என்பதையும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதை யாரும் சொன்னதே இல்லை. பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்ல வழக்கம்; வெளியே வந்ததும் அதைக் கிழித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டைப் பையிலேயே இருந்துவிட்ட தாள் ஒன்று துணி துவைக்கும் தாயின் கைக்குப் போன கதை ஒன்று என்னிடம் உண்டு; அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

குளச்சல், பிளஸ் ஒன் மாணவி: ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் மண்ணின் சாட்சி ஒருவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். புனித தேவசகாயத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகச் செய்திதான். எப்படித் தயாரிப்பது, ஐயா?

நல்ல கேள்வி, மகளே. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வேன் பேசுங்கள். அவருடைய வாழ்வின் முக்கியமான இடங்கள் பெரும்பாலும் நம் மாவட்டத்துக்குள்ளேயே, ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய தொலைவில் இருக்கின்றன. மற்ற மறைமாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை எளிதில் கிடைக்காது.

1712இல் அவர் பிறந்த நட்டாலத்தில் காலையில் தொடங்குங்கள். அடுத்து, மார்த்தாண்டவர்மா காலத்தில் அவர் அரசுப் பணியாளராக இருந்த பத்மநாபபுரம் அரண்மனை. திங்கள்கிழமை அரண்மனை மூடியிருக்கும் என்பதால் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிறகு புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. அங்கேதான் சற்று நேரம் தங்க வேண்டும். உங்கள் ஊர்க் கரையில் 1741இல் நடந்த போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக் கம்பெனிப் படைவீரர் தெலனாயின் கல்லறை, கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. கல்வெட்டில் இலத்தீனும் தமிழும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் நேர்ந்த இழப்புகளால் மனமொடிந்திருந்த நீலகண்டனுக்கு (தேவசகாயத்தின் பழைய பெயர் அதுதான்), அவருடைய நண்பரான இந்தத் தெலனாய்தான், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார். அந்தக் கல்லறையருகே உட்கார்ந்து யோபு நூலின் முதல் இரண்டு அதிகாரங்களை வாசியுங்கள். பின்பு ஒவ்வொருவரும், ‘என் நண்பன் ஒருவன் எல்லாவற்றையும் இழந்து என்னிடம் வந்தால் நான் என்ன சொல்வேன்?’ என்பதற்குப் பதில் எழுதுங்கள். பத்து நிமிடப் பேச்சின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயரின் பொருளே தமிழில் ‘தேவசகாயம்’ ஆயிற்று. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியது அவர்மீதான பகையை வளர்த்தது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்ட அவர், தாகத்தால் தவித்தபோது பாறையிலிருந்து நீர் சுரந்ததாக மக்கள் நம்பும் இடமும் புலியூர்க்குறிச்சியில்தான் உள்ளது. அங்கிருந்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டது அங்கேதான். திரும்பும் வழியில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயர் இடம்பெறவில்லை. ஏன் என்று வெளியூர்ப் பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அவர் குருவோ துறவியோ அல்லர், குடும்பத்தோடு வாழ்ந்த பொதுநிலையினர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நடக்க வேண்டிய இடங்கள் பல. பழைய செருப்பே போட்டுக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம், பங்குப்பேரவை உறுப்பினர்: எங்கள் பங்குக்கு நான்கு இடங்கள். மறைக்கல்வித் தேர்வில் முதல் நான்கு இடங்களைப் பெற்றவர்களை அனுப்பத் தீர்மானித்துள்ளோம். இது சரிதானே?

சரியல்ல என்றே கருதுகிறேன். மாநாடு என்பது பரிசு அல்ல. மறையுரை நேரத்தில் ஆலயத்துக்கு வெளியே, இருசக்கர வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும் ஒரு பையன் உங்கள் பங்கிலும் இருப்பான். அவனைச் சுற்றி நான்கைந்து பேர் நிற்பார்கள். அவன் உள்ளே வந்தால் அவர்களும் வருவார்கள். தலைமைத்துவம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம்பிக்கைதான் அதனோடு சேர வேண்டும். இயேசுவால் லேவி அழைக்கப்பட்டபோது சுங்கச்சாவடியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவரே மீண்டும்: யூதாசும் அழைக்கப்பட்டவர்தான். திருப்பலிக்கே ஒழுங்காக வராதவனுக்குப் பங்கின் பணத்தைச் செலவிடுவதை மக்களிடம் நான் எப்படி நியாயப்படுத்துவேன்?

யூதாசைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. அப்படிச் சிலரை அழைத்துச் சென்று ஏமாந்தும் இருக்கிறேன். ஒருவன் இரண்டாம் நாள் இரவு சுவரேறிக் குதித்துத் திரைப்படம் பார்க்கப் போனான். ஆயினும், ஆலயத்துக்குள் ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும் அழைத்துச் சென்று ஆலயத்துக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவந்து விடுவதற்கும் அதே பணம்தான் செலவாகிறது.

முளகுமூடு ஆசிரியை இடையே: ஆண்டு முழுவதும் தவறாமல் வந்த பிள்ளையின் மனம் என்ன ஆகும்? ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகனுக்கும் ஒரு நியாயம் உண்டல்லவா?

உண்டு, ஆசிரியை அவர்களே. இந்த விவாதத்தில் என்னை அசைத்தது உங்கள் சொல்தான். ஆகவே என் நிலையைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன்: நான்கில் இரண்டு இடங்கள் தவறாமல் வருகிறவர்களுக்கு, இரண்டு வெளியே நிற்பவர்களுக்கு. ஆனால் அந்த முதல் இருவரையும் மதிப்பெண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில், யார் பாய் விரிக்கிறார்கள், யார் முதியவரின் கையைப் பிடித்து அழைத்துவருகிறார்கள் என்று பாருங்கள்.

கடியப்பட்டணம், பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர்: இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. இடங்கள் எப்போதும் பேரவை உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குத்தானே போகின்றன?

பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. பேரவை உறுப்பினரின் பிள்ளைக்கும் தகுதி இருக்கலாம். அப்போது தேர்வு நடக்கும் அறையிலிருந்து அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். மாநாட்டுக்குப் போனபின் கடற்கரைப் பங்கினரும் உள்நாட்டுப் பங்கினரும் தனித்தனிக் கூட்டமாக உட்காராதபடி குழுக்களைக் கலந்து அமைக்க வேண்டியதும் வழிகாட்டியின் பொறுப்பு. மார்த்தாண்டத்து உறுப்பினரின் மூன்றாவது கடிதமும் வந்திருக்கிறது. புதிய வாதம் எதுவும் இல்லாததால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அருமனை: கைப்பேசி?

மேலே சொல்லியாயிற்று.

இரணியல், இளம் வழிகாட்டி: தலைமைத்துவத்துக்கென்று தனிப் பயிற்சி தேவையா?

மேடைப்பேச்சுப் பயிற்சியைச் சொல்கிறீர்கள் என்றால் தேவையில்லை. இளம் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய கார்டைன் வகுத்த ‘பார், சிந்தி, செயல்படு’ என்ற முறை போதும். அன்பியத்தில் ஒரு மாதமாக ஆலயத்துக்கு வராத வீடு எது என்று பார்க்கட்டும். ஏன் என்று சிந்திக்கட்டும். போய்க் கதவைத் தட்டட்டும்.

நாகர்கோவில், ஒரு தாய்: என் மகளைத் தனியாக அனுப்ப அச்சமாக இருக்கிறது. பாதுகாப்புக்கு என்ன கேட்க வேண்டும்?

அச்சப்படுவதும் கேட்பதும் உங்கள் உரிமை. பெண் பிள்ளைகளுடன் பெண் வழிகாட்டிகள் தங்குகிறார்களா, தங்குமிடங்கள் தனித்தனியா, பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் உள்ளதா என்று கேளுங்கள். என் குழுவில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். வழிகாட்டி தம் சொந்தக் கைப்பேசியிலிருந்து இரவில் பிள்ளைக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. அனுப்பினால் அடுத்த ஆண்டு அவர் வழிகாட்டி அல்லர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘பங்கின் பெயர் கெடும்’ என்று மறைப்பதும் குற்றம். 1098 என்ற சிறார் உதவி எண்ணை உங்கள் மகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

சுங்கான்கடை: ரயிலில் சாப்பிட்டுவிட்டு நேரே திருப்பலிக்குச் சென்றால் நற்கருணை வாங்கலாமா?

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பாட்டை முடித்திருக்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் கணக்கில் இல்லை.

கொல்லங்கோடு: 2027இல் சியோலில் நடக்கும் உலக இளையோர் நாளுக்கு என் மகனை அனுப்ப என்ன செய்ய வேண்டும்?

அது ஆகஸ்ட் 3 முதல் 8 வரை. மற்றவற்றுக்கு உங்கள் மறைமாவட்ட இளைஞர் பணிக்குழுவை அணுகுங்கள்.

திங்கள்சந்தை: பிள்ளையிடம் சாதாரணக் கைப்பேசி, அதாவது பொத்தான் வைத்தது, கொடுத்துவிடலாமா?

பொத்தான் வைத்ததும் கைப்பேசிதான்.

சின்னமுட்டம், ஒரு தந்தை: கடந்த ஆண்டு என் மகன் அழுது, செபித்து, புது ஆளாகத் திரும்பி வந்தான். மூன்று வாரங்களில் பழையபடி ஆகிவிட்டான். இந்த ஆண்டு எதற்காக அனுப்ப வேண்டும்?

இந்தக் கேள்வியை முதலிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். உங்கள் மகன் அழுதது பொய்யல்ல. ஆயிரம் பேர் சேர்ந்து பாடும் இடத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார ஆளில்லாத ஆலயத்துக்கு அவன் திரும்பி வந்தான். அங்கே அவனுக்குச் செய்வதற்கு எதுவும் வைத்திருக்கவில்லை. ஆகவே, என்ன வேலை என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். உங்கள் பகுதியில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் மே மாதத்தில் நீங்கள் கரையில் இருப்பீர்கள். பங்குத்தந்தையை அவனோடு சேர்ந்தே போய்ப் பாருங்கள். மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. அங்குள்ள தந்தையருக்கு இந்த வசதி இல்லை. வேலை சிறிதாகவும் அவன் பெயரில் மட்டும் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பங்கில், பூட்டியே கிடந்த நூலக அலமாரியின் சாவியைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ரயிலேறுவதற்கு முந்தைய நாளே கொடுத்தார்கள். ஐந்து நாளும் அதைக் கழுத்துச் செபமாலையோடு கோத்துப் போட்டிருந்தாள். திரும்பி வந்த ஞாயிறன்று அலமாரியைத் திறந்து, கரையான் அரித்தவற்றைத் தனியே ஒதுக்கி, மிஞ்சிய 43 புத்தகங்களுக்கு எண் போட்டாள். இன்று அவள் செவிலியர் கல்லூரியில் படிக்கிறாள்; சாவி அவளுடைய தம்பியிடம் இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் என் பெயரும் உண்டு.