எம்பிஏ விண்ணப்பமும் காலேஜ் மார்க்கும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களின் முதல் சுற்று செப்டம்பர் வாக்கில் முடியும், இரண்டாம் சுற்று ஜனவரி தொடக்கத்தில். இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களில் சேர எழுதும் கேட் தேர்வுக்கான பதிவு ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும். இந்த மாதங்களில் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் காலேஜ் மார்க் பற்றியவைதான். பலருடைய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்த உதவியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. மார்க் குறைவு என்பதால் கெட்டுப்போன விண்ணப்பங்களை விட, அந்த மார்க்கை மறைக்கவோ மெருகேற்றவோ போய்க் கெட்டவை அதிகம். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து, மெக்கானிக்கல் படித்தவர்: அக்கா, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் படித்தேன், சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, 10-க்கு 7.4. அமெரிக்க விண்ணப்பத்தில் இதை அவர்களுடைய 4-க்கான ஜிபிஏ-வாக மாற்ற வேண்டுமா? 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் 2.96 வருகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது.

மாற்ற வேண்டாம் தம்பி. பெரும்பாலான பிசினஸ் பள்ளிகள் மார்க் ஷீட்டில் அச்சாகியிருப்பதை அப்படியே போடச் சொல்கின்றன. 7.4 என்று எழுதி, அளவுகோல் 10 என்று தேர்ந்தெடுங்கள். சில படிவங்களில் 4.0-க்கு மட்டுமே கட்டம் இருக்கும். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். அது பள்ளிக்குப் பள்ளி மாறும். புரியவில்லை என்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள், பதில் தருவார்கள்.

அந்த 2.96 உங்கள் படிப்பைச் சரியாகச் சொல்லவே இல்லை. நம் ஊரில் மார்க் போடும் பழக்கம் வேறு, அமெரிக்காவில் வேறு. இங்கே முதல் வகுப்பில் தேறியவரை நேர்கணக்காக வகுத்தால் அங்கே சுமாரான மாணவராகத் தெரிவார். ஹார்வர்ட் தன் வகுப்பின் சராசரி ஜிபிஏ என்று 3.7-ஐ ஒட்டிய எண்ணை வெளியிடுகிறதே, அதுவும் 4.0 அளவுகோலில் படித்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. உங்கள் 7.4-ஐ அதன் பக்கத்தில் வைத்துத் தூக்கம் கெட வேண்டாம். இந்திய விண்ணப்பங்களை ஆண்டுதோறும் படிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஸ்கேன் செய்யும்போது மார்க் ஷீட்டின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஓ என்றால் 10 புள்ளி, ஏ பிளஸ் என்றால் 9 என்ற விளக்கம் அங்கேதான் இருக்கும். பலர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு, படிப்பவரை ஊகிக்க விட்டுவிடுகிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு தந்தை: மேடம், என் மகனுக்கு 6.9. கன்சல்டன்சியில் 3.5 என்று மாற்றிப் போடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார்கள். செய்யலாமா?

கண்டிப்பாக வேண்டாம் ஐயா. விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் காப்பி போதும் என்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றும். இடம் கிடைத்த பிறகுதான் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். பல பள்ளிகள் தனி நிறுவனம் வைத்துப் பட்டம், வேலை, சம்பளம் எல்லாவற்றையும் சரிபார்க்கின்றன. அப்போது எண் பொருந்தவில்லை என்றால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் உங்கள் மகன் வேலையை விட்டிருப்பார், நீங்கள் கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 6.9 அந்த அளவுக்கு மோசமான மார்க் இல்லை.

முறையான மாற்று மதிப்பீடு என்றால், வெளிநாட்டு மார்க்கை அமெரிக்க அளவுகோலுக்கு மதிப்பிடும் வெஸ் (WES) போன்ற நிறுவனங்கள் பாடவாரியாகச் செய்து தரும். ஆனால் பள்ளி கேட்டால் மட்டும் அதற்குச் செலவு செய்யுங்கள். முன்னணி எம்பிஏ பள்ளிகள் பெரும்பாலும் கேட்பதில்லை.

மதுரையிலிருந்து, ஈசிஇ படித்தவர்: எனக்கு மூன்று அரியர் (தேறாமல் நின்ற பாடம்) இருந்தது. இரண்டாம் செமஸ்டரில் மேக்ஸ், மூன்றாம் செமஸ்டரில் டிபிடிஇ என்ற கணக்குத் தாள், இன்னொன்று சிக்னல்ஸ். எல்லாம் அடுத்தடுத்து க்ளியர் செய்துவிட்டேன். இறுதி சிஜிபிஏ 7.1. அரியரைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் போச்சா?

சொல்ல வேண்டும். படிவத்தில் நேராகக் கேட்டால் உண்மையைப் போடுங்கள். கேட்காவிட்டாலும் செமஸ்டர் மார்க் ஷீட்டில் ஆர்ஏ (மறுபடி எழுத வேண்டும்) என்று அச்சாகியிருக்கிறது, படிப்பவர் கண்ணில் படும். எல்லா செமஸ்டரையும் சேர்த்துத் தரும் கன்சாலிடேட்டட் ஷீட்டை மட்டும் அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதிலும் தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும் இருக்கும்.

அரியர் எண்ணிக்கையை விட, அது எந்தப் பாடத்தில் என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். மூன்றில் இரண்டு கணக்கு, மூன்றாவதும் கணக்கை நம்பிய பாடம். எம்பிஏ முதல் வருடத்தில் ஃபைனான்ஸ், புள்ளியியல், எகனாமிக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். இவரால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் படிப்பவரின் சந்தேகம். வருத்தக் கதை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது, புதிய சான்று தீர்க்கும். பிசினஸ் ஸ்கூல்கள் கேட்கும் ஜிமேட் தேர்வில் குவான்ட் என்ற கணக்குப் பகுதியில் நல்ல ஸ்கோர் எடுங்கள். இப்போதைய ஜிமேட் 205 முதல் 805 வரை, குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ் என்று மூன்று பகுதிகள். மொத்த ஸ்கோரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் குவான்ட் தனியாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதோடு ஐஐடிகளின் ஆன்லைன் படிப்புத் தளமான என்பிடெல்லில் ப்ராபபிலிட்டியோ புள்ளியியலோ ஒரு கோர்ஸ் எடுத்து, தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வையும் எழுதுங்கள். மொத்த மார்க்கில் 75 சதவீதம் அந்தத் தேர்வுக்குத்தான் என்பதால் அந்தச் சான்றிதழுக்கு எடை உண்டு. பணம் செலவழிக்க முடியும் என்றால் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனின் கோர் (CORe) என்ற படிப்பும் இருக்கிறது. அனலிட்டிக்ஸ், எகனாமிக்ஸ், அக்கவுண்டிங் மூன்றும் அதில் வரும்.

அப்புறம், வேண்டியவர்கள் மட்டும் கூடுதலாக எழுதும் விருப்பக் கட்டுரை. அரியரை விளக்க வேண்டிய இடம் அதுதான், முக்கியக் கட்டுரையில் இதைக் கொண்டுவராதீர்கள். நீளம் நாலைந்து வரி போதும். இந்த மாதிரி எழுதலாம்: "முதல் மூன்று செமஸ்டர்களில் மூன்று பாடங்களில் தேறவில்லை. பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்ததால் முதல் வருடம் வகுப்பைப் பின்தொடரவே சிரமப்பட்டேன். நான்காம் செமஸ்டருக்குள் மூன்றையும் முடித்தேன். கடைசி நான்கு செமஸ்டர்களில் என் சராசரி 7.9. என் கணக்குத் திறனுக்கு ஜிமேட் குவான்ட் ஸ்கோரையும் இணைத்துள்ள புள்ளியியல் சான்றிதழையும் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். நடந்தது, காரணம், மாறியது, சான்று. காரணம் உங்களுடைய உண்மையான காரணமாக இருக்கட்டும். கல்லூரியையும் பேராசிரியரையும் குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம். சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை, அப்போது படிக்கவில்லை என்றால் அதையே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அப்படி நேராக எழுதியதைப் படிக்கும்போது எனக்கே அந்த மாணவர் மேல் மதிப்பு கூடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, நான் மொறட்டுவையில் பொறியியல் முடித்தனான். எங்களுக்கு ஜிபிஏ 4.2-க்கு. என்ர பெறுபேறு 3.6. படிவத்தில 4.0 தான் இருக்கு.

இது நிறையப் பேர் சறுக்கும் இடம். 3.6 என்று மட்டும் போட்டால் 4-க்கு 3.6 என்று படிக்கப்படும், அது உங்களுக்குச் சாதகமான தவறு. பின்னால் கேள்வி வரும்போது நீங்கள் மறைத்தது போல ஆகிவிடும். அளவுகோலை நீங்களே குறிக்க இடம் இருந்தால் 4.2 என்று எழுதுங்கள். இல்லையென்றால் கூடுதல் தகவல் பகுதியில், ஏ பிளஸுக்கு 4.2 புள்ளி என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். எந்த வகுப்புச் சித்தி, அதாவது எந்த வகுப்பில் தேறினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரித்தானியப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தால் அவர்கள் முதலில் பார்ப்பதே அந்த வகுப்பைத்தான், அவர்கள் ஊர் முறையும் அதுவே.

சென்னையிலிருந்து, சிஏ முடித்தவர்: சிஏ-வுக்கான ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட் அலுவலகப் பயிற்சி) செய்துகொண்டே பி.காம் அஞ்சல் வழியில் படித்தேன். 54 சதவீதம்தான். சிஏ ஃபைனலிலும் 56 சதவீதம். இரண்டுமே குறைவாகத் தெரிகிறதே?

உங்களைப் போன்றவர்களுக்காக எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. சிஏ ஃபைனலில் தேற ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் (தாள்களின் தொகுதி) மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அதையே எட்ட முடியாமல் போகிறவர்கள்தான் அதிகம். இது இந்தியாவில் எல்லோருக்கும் தெரியும், பாஸ்டனில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே 56 என்ற எண்ணைத் தனியாக விடாதீர்கள். நீங்கள் எழுதிய அந்தத் தேர்வில் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே வெளியிடும்; அதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் போடுங்கள். முதல் முயற்சியிலேயே தேறியிருந்தால் அதையும் எழுதுங்கள். பி.காம் பற்றி, பகலில் ஆடிட், மாலையில் சிஏ, அதன் நடுவே இந்தப் பட்டம் என்று ஒரு வரி போதும்.

கேட் எழுதுவதாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. சிஏ போன்ற தொழில்முறைத் தகுதியை வைத்தே, தேவையான சதவீதத்தோடு விண்ணப்பிக்க ஐஐஎம்கள் அனுமதிக்கின்றன.

திருச்சியிலிருந்து, இறுதியாண்டு மாணவி: கேட் படிவத்தில் சதவீதம் கேட்கிறார்கள், எங்களுக்கு சிஜிபிஏதான். கூகுளில் பார்த்தால் 9.5-ஆல் பெருக்கு, 0.75 கழி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

9.5 என்பது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குச் சொன்னது, அதை இங்கே கொண்டுவராதீர்கள். கேட் விதி தெளிவாக இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ சான்றளித்த மாற்றுமுறை இருந்தால் அதுதான். அப்படி எதுவும் இல்லை என்றால், பெற்ற சிஜிபிஏ-வை அதிகபட்ச சிஜிபிஏ-வால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள், இன்டர்வியூவில் காட்டச் சொல்வார்கள். 79.6-ஐ 80 ஆக்க வேண்டாம்.

தகுதிக்கு 50 சதவீதம் போதும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. ஆனால் இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது அகமதாபாத், பெங்களூரு போன்றவை பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க்குகளையும் கணக்கில் எடுக்கின்றன. ஐஐஎம்களில் மார்க் ஒரு சூத்திரத்துக்குள் போகிறது, விளக்கக் கட்டுரைக்கு அங்கே இடமில்லை. பழைய மார்க் சுமாராக இருந்தால் ஒவ்வொரு ஐஐஎம்மும் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று அதன் சேர்க்கைக் கொள்கையைப் படித்துவிட்டு, உங்களுக்குப் பொருந்துகிற இடங்களில் நம்பிக்கை வையுங்கள்.

கோவையிலிருந்து: மூன்று வருட பிஎஸ்சி. அமெரிக்காவில் ஏற்பார்களா?

ஹார்வர்ட் உட்படப் பல பள்ளிகள் ஏற்கின்றன. எல்லாப் பள்ளிகளும் அல்ல. கட்டணம் கட்டும் முன் தகுதிப் பக்கத்தைப் படியுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: எனக்கு 9.2, பல்கலைக்கழக ரேங்க்கும் உண்டு. ரெஸ்யூமேயில் எப்படிப் போடுவது?

ரேங்க்கை முன்னால் போடுங்கள், எத்தனை பேரில் என்பதோடு. 9.2 நல்லதா, மிக நல்லதா என்று வெளியாள் யோசிக்க வேண்டியிருக்கும்; ரேங்க்கைப் பார்த்ததும் புரிந்துவிடும். ரேங்க் சான்றிதழை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். இன்னொன்று, அதிக மார்க் வாங்கியவர்களிடம் ஐஐஎம் இன்டர்வியூவில் பாடத்திலிருந்தே கேள்வி கேட்பார்கள். பிடித்த பாடம் எது என்று கேட்டு, நீங்கள் சொன்னதிலேயே ஆழமாகப் போவார்கள். இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுத்து, பழைய நோட்டைத் திறந்து அடிப்படையிலிருந்து மறுபடி படித்துவிட்டுப் போங்கள்.