பாலக்கோட்டு புல்லட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவின் 1986 புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் இருந்தவரை அது ஒருநாளும் வழியில் நின்றதில்லை. இப்போது தர்மபுரிக்குக் கிளம்பினால் பாதி வழி நன்றாகப் போகிறது, அப்புறம் மிஸ்ஸிங் அடித்து, சைலன்சரில் வெடித்து, நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் நிழலில் போட்டால் மறுபடி ஓடுகிறது. பிளக், காயில், கார்புரேட்டர், பாயிண்ட், கண்டன்சர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியாகிவிட்டது. அப்படியும் தீரவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா? பேசாமல் பாயிண்டையும் கண்டன்சரையும் எடுத்துவிட்டு, எலக்ட்ரானிக்காகப் பொறி கொடுக்கும் சிடிஐ மாட்டிவிடலாமா?

க., பாலக்கோடு

அன்புள்ள க.,

முதலில் ஒன்று. அந்தக் காலத்து புல்லட் வழியில் நிற்காமல் ஓடியது என்றால் நான் நம்பமாட்டேன். நின்றிருக்கும். அப்பா வீட்டில் சொல்லியிருக்கமாட்டார், அவ்வளவுதான். வண்டியின் டூல் பாக்ஸைத் திறந்து பார்த்தீர்களா? பிளக் ஸ்பேனரும் உப்புத்தாள் துண்டும் கிடக்கும். ஒரு பழைய கண்டன்சர் கிடந்தாலும் ஆச்சரியமில்லை. கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எத்தனாலை விடுங்கள். அது பழைய ரப்பரைக் கெடுக்கும், தண்ணீரை இழுக்கும், எல்லாம் உண்மை. ஆனால் கால் மணி நேரம் நிழலில் நின்றதும் எத்தனால் மனம் திருந்திவிடாது.

எனக்கு வருகிற கடிதங்களில் சமீபமாக ஒன்றைக் கவனிக்கிறேன். என்ன ஆனது என்று எழுதுபவர்கள் குறைந்துவிட்டார்கள். எதை மாற்றலாம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். நீங்களும் ஐந்து சாமானை ஒரே நாளில் மாற்றிவிட்டு வந்து நிற்கிறீர்கள். முன்பு கெட்டிருந்தது காயிலாக இருக்கலாம். இப்போது கெட்டிருப்பது புதிதாகப் போட்ட கண்டன்சராக இருக்கலாம். இனி அதை யார் கண்டுபிடிப்பது? இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை தம்பி, கடைக்காரருக்கு மொய் எழுதுவது.

தர்மபுரி நான்கு ரோட்டுப் பக்கம் முன்பு ஒரு புல்லட் மெக்கானிக் இருந்தார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி "காயில் போயிடுச்சு பாய்" என்றால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "காயில் போச்சுன்னா காயில் கடைக்குப் போ. எங்கிட்ட எதுக்கு வந்தே?" என்பார். எப்போது மிஸ்ஸிங், ஏற்றத்திலா சமத்திலா, கிளம்பினதுமா சூடானதுமா என்று ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் எழுந்து வருவார்.

வந்தாலும் ஸ்பேனரை எடுக்கமாட்டார். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, ஹெட்லைட் மேலே இருக்கிற ஆம்ப் மீட்டரைப் பார்ப்பார். பாயிண்ட் என்பது எஞ்சின் சுழலச் சுழல மூடித் திறக்கிற சின்ன சுவிட்ச்; பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துவது இதுதான். அது மூடியிருக்கும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையென்றால் பேட்டரியோ ஒயரோ பாயிண்டில் அழுக்கோ. சாய்ந்தது திரும்பி வரவில்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட். காசு செலவில்லாமல் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு தொப்பூர் கணவாய்க்குப் போவார். போகும்போது இறக்கம், ஒன்றும் தெரியாது. லாரிகளுக்கு நடுவே திரும்பி ஏறும்போதுதான் எஞ்சின் உண்மையைப் பேசும். ஒருமுறை பின்னால் நானும் உட்கார்ந்து போனேன். பாதி ஏற்றத்தில் வண்டி தும்ம ஆரம்பித்ததும் ஓரங்கட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒயர் ஒட்டவைத்த பழைய கண்டன்சர் ஒன்றை எடுத்தார். வண்டியில் இருந்த கண்டன்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, இதை வெளியிலேயே தொங்கவிட்டு பாயிண்டில் மாட்டி, அதன் உலோக உடம்பை கிளிப் போட்டு வண்டியின் இரும்பில் பிடித்தார். மிச்ச ஏற்றத்தை ஒரு தும்மல் இல்லாமல் ஏறினோம். கழற்றியது மாட்டி ஒரு மாதம்கூட ஆகாத புது கண்டன்சர்.

கண்டன்சர் என்பது உள்ளே சுருட்டி வைத்த தகடும் காகிதமும்தான். பாயிண்ட் திறக்கிற நொடியில் மின்சாரம் அந்த இடைவெளியில் தாவாமல் இது வாங்கிக்கொள்ள வேண்டும். சூட்டில் இது கசிய ஆரம்பித்தால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்டிலேயே விழும். பொழுது சாய்ந்த பிறகு பாயிண்ட் மூடியைக் கழற்றி, வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். சின்ன நீலப் பொறி வந்தால் பயமில்லை. பளிச்பளிச்சென்று பெரிதாக அடித்தால் கண்டன்சர்தான். அந்தத் தொப்பூர் ஏற்றத்துக்குப் பிறகு, ஓடிப் பழகிய பழைய சாமானை, புதியதைவிட நான் அதிகம் நம்புகிறேன். உங்கள் பழைய சாமான்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

ஆனால் கண்டன்சர் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டால் உங்களைத் திட்டியதற்கு அர்த்தமில்லை. சூடான காயிலும் இதே மாதிரிதான் செய்யும். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போவதற்கு இருக்கிற சின்ன ஓட்டை அடைத்திருந்தாலும் இப்படித்தான். பெட்ரோல் இறங்காமல் நிற்கும், சற்று நேரத்தில் காற்று கசிந்து உள்ளே போனதும் ஓடும். சூட்டினால் வந்த கோளாறு என்று நாம் ஏமாறுவோம். அதனால் அடுத்தமுறை மிஸ்ஸிங் வந்த உடனே வண்டியை அணைத்து ஓரங்கட்டி, முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று இழுத்து, உடனே வண்டி ஓடினால் செலவு ஒரு குண்டூசி. இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம்.

சிடிஐ கேட்டிருந்தீர்கள் அல்லவா. மாட்டலாம், உங்கள் வண்டி, உங்கள் காசு. ஆனால் கோளாறு டேங்க் மூடியில் இருந்தால் சிடிஐ மாட்டிய பிறகும் அதே பாதி வழியில்தான் நிற்பீர்கள்.

அடுத்த கடிதத்தில் பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே கடைக்குப் போய்ப் பழைய காயிலையும் கண்டன்சரையும் கேட்டு வாங்கிவிடுங்கள், அவர் இரும்புக்குப் போடுவதற்குள்.